சரக்குக்கு முன்னால் சேதி போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். சிறு தொழில் என்றாலே மின்கட்டணம், வங்கிக் கடன், ஆள் கிடைக்காதது, இந்த மூன்றைச் சுற்றியே எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். சரக்கு பின் என்கிற பெட்டிகளில் அடுக்கி ரெடியாக இருக்கும், குட்டி யானை வாசலில் நிற்கும், டிரைவர் டீ குடித்து முடித்திருப்பார், ஆனால் வண்டி கிளம்பாது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் "இருங்கண்ணே, ஏஎஸ்என் இன்னும் விழல" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஏஎஸ்என் பற்றி யாரும் பத்திரிகையில் எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இதைத் திட்டுகிறார்கள். நான் திட்டுகிற கட்சி இல்லை, முழுக்கப் பாராட்டுகிற கட்சியும் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏஎஸ்என் என்றால் அட்வான்ஸ் ஷிப்பிங் நோட்டீஸ். பெயர்தான் பெரிசு. இன்ன சரக்கு, இத்தனை, இந்த வண்டியில், இத்தனை மணிக்கு வருகிறது என்று வாங்குகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் சேதி, அவ்வளவுதான். ஆன்லைனில் புடவை வாங்கினால் "உங்கள் பார்சல் இன்று வந்து சேரும்" என்று போனுக்கு வருகிறதே, ஏறக்குறைய அதே சங்கதி. புடவை ஒரு நாள் தள்ளி வந்தால் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு வரும், எங்கள் சரக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் ஒரு அசெம்பிளி லைனே நிற்கும். காக்கா கரைந்தால் விருந்தாளி வருவார் என்று எங்கள் அம்மா உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். காக்கா எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லாது. ஏஎஸ்என் அதையும் சொல்லும்.

எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் பட்டறை. மூன்று சிஎன்சி லேத், இரண்டு பழைய டிராப் (ஆட்டோமேட்டிக் லேத்) மெஷின், ஒரு கிரைண்டர். புஷ், ஸ்பேசர் என்று சின்னச் சின்னக் கடைசல் வேலை. வண்டி கம்பெனிக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை, வண்டி கம்பெனிக்குக் கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். இரண்டு கஸ்டமர் ஒரகடம் பக்கம், ஒருவர் ஓசூரில். எங்கள் புஷ் ஒன்றின் விலை ஒரு வடை விலைகூட வராது, ஆனால் அது இல்லாவிட்டால் அவர்களுடைய அசெம்பிளி முடியாது, அவர்கள் அசெம்பிளி போகாவிட்டால் அதற்கு மேலே இருக்கிறவருக்குக் கோபம் வரும். மேலே இருந்து வரும் கோபம் கீழே இறங்க இறங்கப் பெரிதாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஏஎஸ்என் எங்களுக்கு இல்லை. டெலிவரி சலானையும் இன்வாய்ஸையும் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவோம். வண்டி கஸ்டமர் கேட்டில் போய் நின்ற பிறகுதான் உள்ளே இருப்பவர்களுக்கு சரக்கு வந்திருப்பதே தெரியும். காலை பத்து மணிக்கு இருபது வண்டி ஒன்றாக வந்து நிற்கும், மத்தியானம் மூன்று மணிக்கு ஈ ஓட்டுவார்கள், நாலரைக்கு மறுபடி கூட்டம். செக்யூரிட்டி ஒரு பெரிய நோட்டில் எழுதுவார், ஸ்டோர்ஸில் இன்னொரு நோட்டில் எழுதுவார்கள், இரண்டு நோட்டிலும் நம்பர் வேறு வேறாக இருக்கும். "இடமில்லை, நாளைக்கு வாப்பா" என்றால் டிரைவர் வண்டிக்குள்ளேயே படுத்துவிடுவார். அந்த வாடகை யார் கணக்கு? நம் கணக்கு.

அதற்கிடையில் கஸ்டமரிடமிருந்து போன் வரும். "சரக்கு கிளம்பிடுச்சா?" "கிளம்பிடுச்சு சார், பூந்தமல்லி தாண்டியாச்சு." அந்தக் காலத்தில் இந்தப் பதிலைச் சொல்லாத சப்ளையர் அம்பத்தூரில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என் செலவில் மாலை வாங்கிப் போடுகிறேன். நாம் அப்படிச் சொல்லும்போது சரக்கு பக்கத்துத் தெருவில் முலாம் பூசும் பிளேட்டிங் கடையில் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் சொல்வது பொய் என்று கேட்கிறவருக்கும் தெரியும். அதனால் அவர் என்ன செய்வார்? ஒரு நாளைக்கு 500 பீஸ்தான் தேவை என்றாலும் பத்து நாளைக்குச் சேர்த்து 5,000 பீஸ் வாங்கி ரேக்கில் அடுக்கிக்கொள்வார். நம் பொய்க்கு அவர் எடுத்த இன்சூரன்ஸ் அது. அந்தக் காசு ரேக்கிலேயே தூங்கும், நமக்கு வர வேண்டிய பணமும் அதோடு சேர்ந்து தூங்கும், நடுவில் டிராயிங் மாறினால் மிச்சப் பீஸ் எல்லாம் ஸ்கிராப், அந்த நஷ்டம் கடைசியில் யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நடப்பது வேறு. எப்போது எத்தனை பீஸ் வேண்டும் என்கிற அடுத்த மாத ஷெட்யூல் மாதக் கடைசியில் கஸ்டமரின் போர்ட்டலில், அதாவது சப்ளையர்களுக்கென்று அவர் வைத்திருக்கும் இணையதளத்தில், ஏறும், வாராவாரம் அதில் திருத்தம் வரும். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து பீஸை எண்ணி பின்னில் அடுக்கிய பிறகு, போர்ட்டலைத் திறந்து, எந்த பர்ச்சேஸ் ஆர்டர், எந்த பார்ட் நம்பர், டிராயிங் எந்த ரிவிஷன், எத்தனை பீஸ், எத்தனை பின், எந்த பேட்ச், கம்பியின் ஹீட் நம்பர் (எந்த உருக்கு வார்ப்பில் வந்த கம்பி என்ற எண்) என்ன, இன்வாய்ஸ் நம்பர், தேதி, வண்டி நம்பர், டிரைவர் போன் நம்பர், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். ஷெட்யூலில் 2,000 இருக்கும்போது 2,500 என்று அடித்தால் போர்ட்டல் ஏற்காது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நம்பர் விழும், பின்னில் ஒட்ட பார்கோடு லேபிள் பிரிண்ட் ஆகும். அந்த நிமிஷத்திலிருந்து கஸ்டமர் கம்ப்யூட்டரில் நம் சரக்கு வழியில் இருக்கும் ஸ்டாக். பிளானிங்கில் இருப்பவர் கையில் 700, வழியில் 2,000 என்று பார்த்து ராத்திரி ஷிஃப்டுக்குத் திட்டம் போடுவார். ஸ்டோர்ஸில் எந்த வண்டியைச் சரக்கு இறக்கும் எந்த டாக்கில் விடுவது என்று முடிவு செய்வார்கள். இன்ஸ்பெக்‌ஷன்காரர் அளவு பார்க்கும் கேஜை எடுத்து வைத்துக்கொள்வார். கேட்டில் லேபிளை ஸ்கேன் செய்தால் விவரம் எல்லாம் வந்துவிடும், பெரிய நோட்டு இல்லை. எண்ணிப் பார்த்து வரவு வைத்தால் ஜிஆர்என், அதாவது சரக்கு பெற்றுக்கொண்டதற்கான ரசீது, விழும். பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என், நம் இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் பேமென்டுக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவர் மேஜையில் கிடக்கும், அந்த யாரோ ஒருவர் எப்போதும் லீவில் இருப்பார்.

நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லாமல் மேலே எழுதினால் என்னவோ நான் பெரிய யோக்கியன் மாதிரி ஆகிவிடும். ஏஎஸ்என் வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை 2,000 ஸ்பேசர் போக வேண்டும். பிளேட்டிங்கிலிருந்து 1,850தான் வந்திருந்தது, 150 பீஸை மறுபடி பிளேட்டிங் போட வேண்டியிருந்தது. நான்தான் சொன்னேன், "2,000ன்னே ஏஎஸ்என் போட்டுடுமா, மிச்சத்த நாளைக்குக் காலையில நானே கொண்டுபோய் கொடுத்துடறேன்." இன்வாய்ஸும் 2,000க்குத்தான் போட்டோம். பழைய பழக்கம், பூந்தமல்லி தாண்டியாச்சு என்பதையே இப்போது கம்ப்யூட்டரில் அடித்தோம், வேறென்ன. அவர்கள் அந்த எண்ணை நம்பி ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்பேசர் தீர்ந்துவிட்டது. லைன் நின்றது. எனக்கு போன் வந்தபோது நான் தூக்கத்தில் வழக்கம்போல வாயைத் திறந்தேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் கையில் நாங்களே அடித்துக் கொடுத்த எண் இருந்தது. லைன் நின்ற நேரத்துக்கு, நமக்கு வர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று டெபிட் நோட் வந்தது. இன்வாய்ஸைச் சரிசெய்ய கிரெடிட் நோட் போட்டு, மூன்று காகிதமும் ஒத்துப்போகாமல், அந்த 1,850க்கான பணமும் சேர்ந்து நின்றது. 150 பீஸ் வாய்தா கேட்டிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும்.

அதற்கப்புறம் எங்கள் பட்டறையில் ஒரு கட்டளை: பின்னை வண்டியில் ஏற்றி எண்ணி முடிக்காமல் ஏஎஸ்என் போடக் கூடாது. இதைச் சொன்னால் சில நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலர் கஸ்டமர் நமக்குப் போடும் ஷெட்யூல் மார்க் குறையக் கூடாது என்பதற்காகக் காலையிலேயே ஏஎஸ்என் போட்டு வைத்துவிட்டு சாயங்காலம் சரக்கைச் செய்கிறார்கள். இன்னும் சிலர் வண்டி கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி நிறுத்திய பிறகு, டிரைவர் போன் போட்டுக் கத்திய பிறகு ஏஎஸ்என் போடுகிறார்கள். சரக்கும் சேதியும் ஒன்றாக வந்தால் அதில் அட்வான்ஸ் எங்கே இருக்கிறது? விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது காக்கா கரைந்து என்ன பிரயோஜனம்?

ஒழுங்காகப் போட்டால் இந்த நோட்டீஸ் நமக்கே எத்தனை உபகாரம் என்பதற்கு எங்கள் அனுபவத்திலேயே இரண்டு இருக்கிறது. ஒரு முறை கம்பி கொடுத்த வியாபாரியே போன் செய்து, ஒரு ஹீட் கம்பியில் ஹார்ட்னஸ் குறைவாக இருக்கும் போலிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கம்பியில் செய்த பீஸ் ஏற்கெனவே கஸ்டமர் ஸ்டோர்ஸில் இருந்தது. முன்பாக இருந்தால் இருக்கிற சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள் என்பார்கள், 40 பின் போயிருக்கும், பிரித்துப் பார்க்க ஆள் கூலி வேறு. ஏஎஸ்என்னில் பேட்ச் நம்பரும் ஹீட் நம்பரும் இருந்ததால் லேபிளைப் பார்த்து நாலே நாலு பின்னை ஓரம்கட்டினார்கள். நாங்கள் அதே நாளில் வேறு பேட்ச் அனுப்பினோம். யாரும் குரல் உயர்த்தவில்லை, எனக்கே ஆச்சரியம்.

இன்னொன்று 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் வந்தது உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஓசூருக்கு ஒரு வண்டி போய்விட்டது. ஒரகடத்துக்குத் திங்கட்கிழமை விடியற்காலை கிளம்ப வேண்டிய வண்டிக்கு ராத்திரியே ஏற்றி, எண்ணி, ஏஎஸ்என் போட்டு, வண்டியைப் பட்டறைக்குள்ளேயே நிறுத்தியிருந்தோம். 4ஆம் தேதி திங்கட்கிழமை வண்டியின் சக்கரம் தண்ணீருக்குள். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. கோயம்புத்தூரில் படிக்கும் என் மகளுக்கு எப்படியோ லைன் கிடைத்து, போர்ட்டல் பாஸ்வேர்டைச் சொல்லி, "அந்த ஏஎஸ்என்ன கேன்சல் பண்ணிடும்மா, சரக்கு போகல" என்றேன். அவளும் செய்துவிட்டாள். அவர்கள் கம்ப்யூட்டரில் வழியில் 2,000 என்று இருந்தது மத்தியானத்துக்குள் பூஜ்யம் ஆனது. உடனே அந்த ஒரு வாரத்துக்கு வேறொரு சப்ளையரிடம் வாங்கிக்கொண்டார்கள். ஆர்டர் போனதில் வருத்தம்தான். ஆனால் மெஷினைத் துடைத்து, மோட்டாரைக் காய வைத்து, பதினைந்து நாள் கழித்து நாங்கள் எழுந்து உட்கார்ந்தபோது அந்த ஷெட்யூல் எங்களுக்கே திரும்பி வந்தது. "நீங்க மட்டும்தான் சார் வராதுன்னு சொன்னீங்க" என்றார் பிளானிங்கில் இருக்கிற தம்பி. வரும் என்று சொல்வதற்கு மட்டும் இல்லை, வராது என்று சொல்வதற்கும் இது வேண்டியிருக்கிறது.

இது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த யோசனை என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் கதை பழசு. 1948இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. ஒரு நகரத்துக்கு வேண்டிய மாவு, நிலக்கரி, மருந்து எல்லாம் விமானத்திலேயே போக வேண்டிய நிலை. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட் அங்கே சரக்குப் பட்டியலுக்கு ஒரே மாதிரியான ஒரு படிவத்தை உருவாக்கினார், டெலக்ஸிலோ ரேடியோவிலோ போனிலோ அனுப்பக்கூடிய மாதிரி. எந்த நாட்டுக்காரன் எந்த மொழியில் பேசினாலும் படிவம் ஒன்று. பின்னால் அதே மனிதர்தான் கம்பெனிகளுக்கு இடையே கம்ப்யூட்டர் வழியாகக் காகிதம் பரிமாறுகிற முறைக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர். இன்று அமெரிக்காவில் இந்த நோட்டீஸுக்கு 856 என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஐ.நா. வகுத்த முறையில் இதற்கு டெஸ்அட்வ் என்று பெயர். எண் எதுவாக இருந்தால் என்ன, எந்தக் கட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது ஒரு தடவை முடிவானால் அப்புறம் அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் ஒன்றையே படிக்கிறார்கள்.

இங்கேதான் என் முதல் குறை. எனக்கு மூன்று கஸ்டமர், மூன்று போர்ட்டல். ஒன்றில் தேதியை நாள், மாதம், வருஷம் என்று அடிக்க வேண்டும், இன்னொன்றில் மாதம் முன்னால். ஒன்றில் பின் கணக்கு, ஒன்றில் கிலோ கணக்கு. ஒன்று மாதக் கடைசியில் சுற்றிக்கொண்டே இருக்கும், பத்து நிமிஷம் அடித்ததை "உங்கள் நேரம் முடிந்தது" என்று ஒரே தட்டில் அழித்துவிடும். பாஸ்வேர்டு தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும், பழையதைப் போடக் கூடாது. டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் இன்வாய்ஸ் அடிக்கிறோம், அதே விவரத்தைச் சரக்கு வண்டிக்கு அரசாங்கம் கேட்கும் இ-வே பில்லுக்கு அடிக்கிறோம், அதையே மூன்றாவது தடவை போர்ட்டலில் அடிக்கிறோம். மூன்று தடவை அடித்தால் ஒரு தடவையாவது ஒரு பூஜ்யம் விடுபடத்தானே செய்யும்? அந்தப் பூஜ்யத்துக்கும் டெபிட் நோட் எங்களுக்குத்தான்.

அரசாங்கத்தைப் பாருங்கள். இ-வே பில் 2018இல் வந்தது, நாடு முழுவதும் ஒரே படிவம். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் போட வேண்டும், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு, ஓசூர் என்றால் இரண்டு நாள், கணக்கு எல்லோருக்கும் ஒன்று. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்தது. அதுவும் ஒரே படிவம். வரி வாங்குகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே கட்டம் போட முடிகிறது, சரக்கு வாங்குகிற இடத்தில் மட்டும் ஆளுக்கொரு கட்டம் ஏன்? இ-வே பில்லில் இருக்கிற இன்வாய்ஸ் நம்பர், வண்டி நம்பர், எண்ணிக்கை எல்லாம் ஏஎஸ்என்னிலும் இருக்கிறது. ஒரு ஃபைலை எடுத்து மூன்று போர்ட்டலிலும் ஏற்றுகிற மாதிரி பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசிச் செய்தால், எங்கள் பெண் ஆறரைக்கு பஸ் பிடித்துவிடுவார்.

இரண்டாவது குறை கொஞ்சம் காரமானது. இந்தச் சேதி ஒரு பக்கமாகவே ஓடுகிறது. ஏஎஸ்என் இல்லையென்றால் வண்டி கேட்டில் நிற்கும். ஏஎஸ்என் லேட் என்றால் சப்ளையருக்குப் போடும் வெண்டர் ரேட்டிங்கில் மார்க் போகும். சரி, நியாயம். ஆனால் பத்து மணிக்கு வருகிறேன் என்று ஏஎஸ்என்னில் போட்டு, பத்து மணிக்கே போய் நின்று, நாலு மணிக்குத்தான் இறக்குகிறார்கள் என்றால் அதற்கு யார் ரேட்டிங்கில் மார்க் குறைப்பது? எங்களுக்கு ஒரு இடத்தில் சரக்கை இறக்கி, லேபிளை ஸ்கேன் செய்து, அவர்கள் அசெம்பிளியில் அது ஏறி, வண்டியாகி ரோட்டில் ஓடவும் ஆரம்பித்திருக்கும், ஜிஆர்என் மட்டும் விழாது. இரண்டு பீஸ் குறைகிறது என்று பன்னிரண்டாவது நாள் மெயில் வரும். பன்னிரண்டு நாளில் அந்த இரண்டு பீஸ் எங்கே போனது என்று நான் எந்த ஜோசியரிடம் கேட்பது?

கேட்டால் பேமென்ட் கெடு ஜிஆர்என் தேதியிலிருந்துதான் என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தில், சரக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்ட நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒப்படைத்த நாளே கணக்கு. குறுந்தொழில், சிறுதொழில்காரருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அந்த நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரியின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவையும் சேர்த்தார்கள், கெடு தாண்டி எங்களுக்குக் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாதபடி. சட்டம் எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. ஒப்படைத்த நாள் எது என்று நிரூபிக்கத்தான் நம்மிடம் காகிதம் இருந்ததில்லை. செக்யூரிட்டி போடும் முத்திரையில் தேதி தெரிந்தால் அது நம் அதிர்ஷ்டம். ஏஎஸ்என்னில் கேட்டுக்கு வந்த நேரம் நிமிஷத்தோடு பதிவாகிறது. அந்த ஒரு வரியை நம் பக்கத்திலும் பார்க்கிற மாதிரி போர்ட்டலில் காட்டினால் போதும். மூன்றில் ஒரு கஸ்டமர் காட்டுகிறார், அவரிடம் எனக்குப் பாக்கி நிற்பதில்லை. மற்ற இரண்டு பேருடைய போர்ட்டலில் ஏஎஸ்என் போட்டோம் என்பதோடு நம் ஜன்னல் மூடிக்கொள்கிறது. அதனால் இப்போது டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டில் ஸ்கேன் ஆனதும் செக்யூரிட்டி ஸ்லிப்பை ஒரு போட்டோ, இறக்கியதும் ஒரு போட்டோ. தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது, தேதி வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு முறை ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு "இது போதும் சார், பேசலாம்" என்றார். பேசினோம், வந்தது.

சக பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று. கஸ்டமர் நம்மிடம் கேட்பதை நாம் நமக்குக் கீழே இருப்பவரிடம் கேட்கிறோமா? எனக்கு இது உறைக்க ரொம்ப நாள் ஆனது. பிளேட்டிங் கடையிலிருந்து சரக்கு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது, அப்புறம் நான் எப்படி ஒரகடத்துக்கு நேரம் சொல்வது? ஆட்டோ வந்து நிற்கும், இன்ஸ்பெக்‌ஷன் பையன் சாப்பிடப் போயிருப்பான், சரக்கு ஒரு மணி நேரம் தரையில் கிடக்கும். கடைக்கார அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, ஆட்டோவில் ஏத்தினதும் டெலிவரி சலானை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, எத்தனை பின், எத்தனை கிலோன்னு எழுதியிருந்தா போதும்" என்றேன். "தம்பி, நீயும் எங்கிட்ட ஏஎஸ்என் கேக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். முதல் வாரம் மறந்தார், இரண்டாவது வாரம் சரக்கு வந்து சேர்ந்த பிறகு போட்டோ போட்டார். இப்போது சரியாக வருகிறது. போர்ட்டல் இல்லை, பார்கோடு இல்லை, ஒரு போட்டோ. அது வந்ததும் நான் செய்வது, கிலோவைப் பார்த்து பீஸ் கணக்குப் போட்டு, குறைந்தால் அப்போதே போன் செய்வது, இன்ஸ்பெக்‌ஷன் பையனை முன்கூட்டியே டீக்கு அனுப்பி சரக்கு வரும்போது இருக்கச் செய்வது, குட்டி யானையை அதற்கேற்ற நேரத்துக்குச் சொல்வது. முன்பெல்லாம் காலையிலேயே வண்டியைக் கூப்பிட்டு வெயிட்டிங் கொடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சிக்கும் லாபம்தான், எடை குறைந்தது என்று மூன்று நாள் கழித்து நான் சண்டைக்குப் போவதில்லை. அவருக்கு நான் கொடுக்க வேண்டிய பணத்தையும் போட்டோ தேதியிலிருந்துதான் எண்ணுகிறேன். கஸ்டமர் எனக்குச் செய்யாததை நான் அவருக்குச் செய்யாமல் இருந்தால் இந்தக் கடிதம் எழுத எனக்கு முகம் இருக்காது.

பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்று தெரியும். அவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. நாங்கள் ஏஎஸ்என் போட்ட பிறகு ஷெட்யூலை மாற்றினால் எங்களுக்கும் ஒரு சேதி வரட்டும், ஏற்கெனவே வாலாஜாபாத் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும் வண்டியைத் திருப்பிக் கூப்பிடுவது எத்தனை கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கேட் நேரம் எங்கள் கண்ணிலும் படட்டும். எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்கே, மிஞ்சிப்போனால் மறுநாளைக்குள் சொல்லிவிடட்டும். முடிந்தால் போர்ட்டலில் தமிழும் இருக்கட்டும், எங்கள் பட்டறையில் ஏஎஸ்என் போடுகிற பெண் கெட்டிக்காரர், பன்னிரண்டாவது தமிழ் மீடியம், அவர் தப்பு செய்கிற இடம் எல்லாமே ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து இரண்டு வினாடியில் மறைகிற இடம்தான்.

இதை உங்கள் பக்கத்தில் போட்டால் சந்தோஷம். வெட்டிச் சுருக்கினாலும் சரி, அந்த 150 ஸ்பேசர் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் பெயரைப் போட வேண்டாம், டெபிட் நோட் அனுப்பியவர் காலையில் உங்கள் பத்திரிகைதான் படிக்கிறார்.

இப்படிக்கு,
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு கடைசல் பட்டறைக்காரர்